கார் சாவிக்கு செல் மாற்றுவது எப்படி? வீட்டிலேயே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தோம். அதிகாலை நாலரை மணி. ஆறு மணிக்கு முகூர்த்தம். மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய பட்டு வேட்டி கார் டிக்கியில் இருக்கிறது. கார் மண்டப வாசலில் நிற்கிறது. நான் சாவியை அமுக்குகிறேன், அமுக்குகிறேன், ஒரு அசைவும் இல்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன இரும்புச் சாவி ஞாபகம் வந்தது. அதை உருவிக் கதவைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், அலாரம் அலற ஆரம்பித்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் 'சாவி இல்லை' என்கிறது வண்டி. சாவி என் கையில்தான் இருக்கிறது! பக்கத்து வேனில் படுத்திருந்த டிரைவர் எழுந்து வந்து, "அண்ணே, சாவிய அந்தப் பட்டன்லயே ஒட்ட வச்சு அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது, அலாரமும் அடங்கியது. எல்லாம் ஐம்பது, அறுபது ரூபாய் செல் ஒன்று தீர்ந்துபோனதால் வந்த வினை. இத்தனைக்கும் இரண்டு வாரமாக டாஷ்போர்டில் 'சாவி பேட்டரி குறைவு' என்று வந்துகொண்டேதான் இருந்தது. நான்தான் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலுமாகப் பத்துப் பன்னிரண்டு சாவிகளுக்குச் செல் மாற்றியிருப்பேன். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் தப்பு நடக்கிற இடங்கள் சில இருக்கின்றன. ஒரு சாவியில் நானே தப்பு செய்தேன், அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு நிம்மதி: செல் செத்தாலும் வண்டி ஓடும்

கார் சாவிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வேலைகள் நடக்கின்றன. கதவைத் திறக்க, பூட்ட ரேடியோ சிக்னல் அனுப்புவது ஒன்று. அதற்கு செல் வேண்டும். 'இது இந்த வண்டியின் சாவிதான்' என்று வண்டிக்கு அடையாளம் காட்டுவது இன்னொன்று. இதைச் செய்வது இம்மொபிலைசர் சிப். இந்தச் சிப்புக்கு செல் தேவையே இல்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியோ, ஸ்டார்ட் பட்டனுக்குப் பின்னாலோ ஒரு செம்புச் சுருள் இருக்கும். சிப் அதன் அருகில் வந்ததும், அந்தச் சுருளின் காந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிடும். மெட்ரோ ரயில் கார்டில் செல் கிடையாது, ஆனாலும் கேட் திறக்கிறதல்லவா? கிட்டத்தட்ட அதே சங்கதிதான்.

ஆகவே திருகி ஸ்டார்ட் செய்கிற பழைய வகைச் சாவி என்றால், செல் தீர்ந்தாலும் கவலையே வேண்டாம். கையால் கதவைத் திறந்து, வழக்கம்போல் திருகினால் போதும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியின் சாவிக்கு ஸ்மார்ட் கீ என்று பெயர். அதைச் சரியான இடத்தில் ஒட்ட வைக்க வேண்டும். ஹூண்டாய் வண்டிகள் பலவற்றில் சாவியாலேயே ஸ்டார்ட் பட்டனை அமுக்க வேண்டும். டொயோட்டாவில் பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியில் கம்பெனி சின்னம் உள்ள பக்கத்தை ஸ்டார்ட் பட்டனில் தொட வைக்க வேண்டும். மாருதி ஸ்மார்ட் கீயையும் பட்டன்மேல் பிடித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சில கம்பெனிகள் இதற்கென்றே கன்சோலிலோ கப் ஹோல்டரிலோ ஒரு குழி வைத்திருக்கும், வேறு சிலவற்றில் ஸ்டியரிங் தண்டின் ஓரத்தில் ஒரு இடம் இருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்பதை மேனுவலில் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே செல்லைக் கழற்றிவிட்டு ஒருமுறை செய்து பாருங்கள். நடுராத்திரி டோல்கேட் பக்கத்தில் நின்றுகொண்டு மேனுவல் படிக்க முடியாது.

கதவுத் துவாரத்தையும் இப்போதே கண்டுபிடித்து வையுங்கள். புது வண்டிகள் சிலவற்றில் டிரைவர் பக்கக் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் அது மறைந்திருக்கும். அலாரம் உள்ள வண்டியை இரும்புச் சாவியால் திறந்தால் அது அலறக்கூடும். பயப்பட வேண்டாம், வண்டி சாவியை அடையாளம் கண்டு ஸ்டார்ட் ஆனதும் நின்றுவிடும்.

செல்தான் காரணமா?

செல் திடீரென்று சாவது அபூர்வம். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும். முன்பெல்லாம் வீட்டு மாடியிலிருந்தே திறந்த வண்டி, இப்போது பக்கத்தில் போனால்தான் திறக்கும். ஒருமுறை அமுக்கினால் போதும் என்றிருந்தது, மூன்று முறை கேட்கும். சாவியில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு மங்கும். டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும்.

இருந்தாலும் வேறு காரணங்களை ஒதுக்கிவிட்டுத் திறப்பது நல்லது. பீரோவில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து அமுக்குங்கள். அது வேலை செய்தால் முதல் சாவியில்தான் கோளாறு. இரண்டுமே வேலை செய்யவில்லை, உள்விளக்கும் எரியவில்லை என்றால், தீர்ந்தது பானட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. அது வேறு கதை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சாவி மக்கர் பண்ணுகிறது, வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடுகிறது என்றால் அது ரேடியோ குறுக்கீடு. இங்கே பெரும்பாலான சாவிகள் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வயர்லெஸ் கேட், காலிங் பெல் போன்ற பல சாமான்களும் அதே வரிசையில்தான் கூச்சல் போடுகின்றன.

டிவி ரிமோட்டை செல்போன் கேமரா முன்னால் பிடித்து அமுக்கினால் ஊதா நிறத்தில் மின்னும், ரிமோட் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிப்போம். அந்த வித்தை இங்கே செல்லாது. டிவி ரிமோட் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒளி, கார் சாவி அனுப்புவது ரேடியோ அலை.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் டிசி 20 வோல்ட்டில் வைத்து அளந்து பார்க்கலாம். புது செல் 3.2 வோல்ட் அளவில் காட்டும். 2.8-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். ஆனால் மீட்டர் 3 வோல்ட் காட்டுகிறது என்பதற்காகச் செல் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். லித்தியம் செல் தன் ஆயுள் முழுக்க ஏறக்குறைய 3 வோல்ட்டிலேயே நிற்கும், கடைசியில்தான் பொத்தென்று விழும். அதோடு, பழசாக ஆக உள்தடை, அதாவது செல்லே தனக்குள் மின்சாரத்தைத் தடுக்கும் அளவு, கூடும். சும்மா இருக்கும்போது 3 வோல்ட் காட்டும் செல், சிக்னல் அனுப்பும் அந்த ஒரு நொடியில் மூச்சுத் திணறி 2.5-க்கு இறங்கிவிடும். சந்தேகம் வந்தால் மாற்றிப் பார்ப்பதுதான் சரியான பரிசோதனை. செல் விலைக்கு அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

செல்லின் எண்ணைப் படிப்பது

செல்மேல் சிஆர்2032 என்று பொறித்திருக்கும். 'சி' என்பது லித்தியம், மாங்கனீஸ் டை ஆக்சைடு வகை. 'ஆர்' என்றால் வட்டம். அடுத்த 20 என்பது 20 மில்லிமீட்டர் விட்டம். கடைசி 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம். இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் உங்களை ஏமாற்ற முடியாது. சிஆர்2025 அதே அகலம், 2.5 மில்லிமீட்டர் கனம். சிஆர்1620 என்றால் 16 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் கனம். சில பெரிய சாவிகளில் வரும் சிஆர்2450, 24.5 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள குண்டு செல்.

கடையில் அடிக்கடி நடப்பது இது: "2032 இல்ல சார், 2025 இருக்கு, ரெண்டும் 3 வோல்ட்தான், போட்டுக்கலாம்." வோல்ட் ஒன்றுதான், உண்மை. ஆனால் கனம் 0.7 மில்லிமீட்டர் குறைவு. உள்ளே இருக்கும் தகட்டுக்கும் செல்லுக்கும் நடுவில் அந்த இடைவெளி விழும். மேஜைமேல் வைத்து அமுக்கினால் வேலை செய்யும், பாக்கெட்டில் குலுங்கினால் விட்டுவிடும். சிலர் வெள்ளிக் காகிதத்தை மடித்துச் செருகுவார்கள், அது நழுவிப் போய் எதையாவது ஷார்ட் பண்ணும். கொள்ளளவும் குறைவு: 2032-இல் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி, 2025-இல் சுமார் 160. மாறாக, 2025 போட வேண்டிய இடத்தில் 2032-ஐத் திணித்தால் தகடு வளைந்து போகும், மூடியும் சரியாக மூடாது.

இரண்டு செல் போடுகிற சாவிகளும் உண்டு. பழைய பென்ஸ் சாவிகளில் இரண்டு சிஆர்2025 பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அப்படி இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று பழசு ஒன்று புதுசு என்று கலக்க வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிஆர்2016 அடுக்கியிருந்தால் இன்னும் கவனம். இரண்டும் சேர்ந்து 3.2 மில்லிமீட்டர், ஒரு 2032-இன் கனம்தான். ஆனால் அடுக்கும்போது 6 வோல்ட். அங்கே ஒரே ஒரு 2032 அழகாக உட்காரும், வேலைதான் செய்யாது.

எல்ஐஆர்2032 என்று ஒன்று விற்கிறது. பார்க்க அச்சு அசல் 2032 மாதிரியே இருக்கும். அது சார்ஜ் ஏற்றுகிற வகை. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும், 3 வோல்ட்டுக்குச் செய்த சாவிக்கு அது ஆகாது. தொடக்கத்தில் 'எல்ஐ' இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது வரும் ஸ்மார்ட் கீக்களில் சிஆர்2032-தான் அதிகம். ஆனாலும் ஊகத்தில் வாங்காதீர்கள். சாவியைத் திறந்து, உள்ளே இருக்கும் செல்லில் எண்ணைப் பார்த்து, அதை எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். முன்பு யாராவது தப்பான செல்லைப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் மேனுவலிலும் ஒரு பார்வை.

எங்கே வாங்குவது

வாட்ச் கடை, செல்போன் கடை, போட்டோ ஸ்டூடியோ, எலெக்ட்ரிக்கல் கடை, எங்கும் கிடைக்கும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. பானசோனிக், மேக்ஸெல், முராட்டா, எனர்ஜைசர், ட்யூராசெல் எதுவானாலும் சரி, தனித்தனியாக அட்டையில் ஒட்டி, தேதி போட்டிருப்பதாகப் பாருங்கள். டப்பாவில் குலுக்கிக் கொட்டி வைத்திருக்கும் செல் ஒன்றோடொன்று உரசி உரசியே பாதி உயிர் போயிருக்கும். ஐந்து செல் அட்டை முப்பது ரூபாய் என்று கிடைக்கிற பெயர் தெரியாத சரக்கை நானும் வாங்கியிருக்கிறேன். மூன்று மாதம் வந்தது.

குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பிவிட வேண்டும் என்பதற்காகக் கசப்புப் பூச்சு பூசிய செல்களும் வருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பூச்சு சில கருவிகளில் தகடு தொடும் இடத்தில் சரியாகத் தொட விடாமல் செய்யும். ஆப்பிள் கம்பெனியே, தொலைந்த சாமானைக் கண்டுபிடிக்க உதவும் தன் ஏர்டேக் வில்லை விஷயத்தில் இதைச் சொல்லியிருக்கிறது. புது செல் போட்டும் சாவி எழவில்லை, செல்லில் கசப்புப் பூச்சு இருக்கிறது என்றால், பூச்சில்லாத ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

சாவியைத் திறப்பது

தப்பு நடக்கிற முதல் இடம் இது. வெளிச்சமான மேஜையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். எது தெறித்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். தட்டையான சின்ன ஸ்க்ரூடிரைவர், அதன் முனையில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப். ஸ்க்ரூடிரைவரைவிட நல்லது, காலாவதியான ஏடிஎம் கார்டைக் கத்தரித்த ஒரு துண்டு. அது சாவியில் கீறல் போடாது.

ஸ்மார்ட் கீ என்றால் முதலில் பக்கவாட்டில் உள்ள சின்னப் பொத்தானைத் தள்ளி இரும்புச் சாவியை வெளியே உருவுங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமலே மூடியைக் கிளப்பப் பார்ப்பார்கள், அதனால்தான் உடைகிறது. இரும்புச் சாவி இருந்த பொந்துக்குள் எட்டிப் பாருங்கள். அங்கேயோ அதன் ஓரத்திலேயோ ஒரு வெட்டு, நகம் நுழைகிற அளவுக்கு, இருக்கும். அதுதான் கம்பெனி உங்களுக்காக விட்டு வைத்த வழி. அதில் முனையை நுழைத்து, நெம்பாமல், மெதுவாகத் திருகுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் கடப்பாரை மாதிரி பிடித்து மேலே தூக்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி ஒடியும். திருகினால் இரண்டு பாதிகளும் 'டக்' என்று விலகும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்தி, விரலால் சுற்றிலும் ஒவ்வொரு கொக்கியாக விடுவித்துக்கொண்டே வாருங்கள். நாலைந்து 'டக்' வரும்.

வெட்டே கண்ணில் படவில்லை என்றால், நெம்பத் தொடங்காமல் மேனுவலைத் திறங்கள். வெட்டு இல்லாத இடத்தில் நெம்பித்தான் பல சாவிகளின் ஓரங்கள் எலி கடித்த மாதிரி இருக்கின்றன.

பொத்தானை அமுக்கினால் கத்தி மாதிரி விரிகிற சாவியில், பொதுவாகப் பட்டன்கள் உள்ள பக்கத்துக்குப் பின்னால் செல்லுக்கென்று ஒரு தனி மூடி இருக்கும். கத்தியை விரித்து வைத்துக்கொண்டு தேடுங்கள். கத்தி மடங்குகிற பக்கத்தைப் பிரித்துவிடாதீர்கள். அங்கே ஒரு சுருள் ஸ்பிரிங் முறுக்கி உட்கார்ந்திருக்கிறது. பிரித்ததும் அது பறந்து சோபாவுக்கு அடியில் போகும், திரும்ப முறுக்கி வைக்க மூன்று கை வேண்டும்.

மூன்றாவது வகை, பழைய மாருதி சாவிகள் போலத் தலைப் பகுதியில் ஒரே ஒரு குட்டி ஸ்க்ரூ உள்ளவை. ஸ்க்ரூவைக் கழற்றினால் தலை இரண்டாகப் பிரியும். உள்ளே ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதுதான் டிரான்ஸ்மிட்டர். அதை எடுத்து, அதன் ஓரத்து வெட்டில் ஒரு ரூபாய் நாணயத்தை விட்டுத் திருகினால் திறக்கும். இவற்றில் சிஆர்1620 அல்லது சிஆர்1616 இருக்கும்.

நான் சொதப்பிய இடமும் இந்த மூன்றாவது வகைதான். மாமாவின் பழைய காருடைய சாவி. ஸ்க்ரூவைக் கழற்றினேன், செல்லை மாற்றினேன், மூடினேன், ரிமோட் ஜோராக வேலை செய்தது. வண்டிதான் ஸ்டார்ட் ஆகவில்லை. டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறது. "நல்லா ஓடிட்டு இருந்த வண்டியை என்ன பண்ணித் தொலைச்சே மாப்ள?" என்கிறார் மாமா. அரை மணி நேரம் கழித்து மேஜைக்கடியில், துடைப்பத்தில் சிக்கிய குப்பையோடு கிடைத்தது: அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புத் துண்டு. அதுதான் இம்மொபிலைசர் சிப். இந்த வகைச் சாவிகளில் அது ரிமோட் போர்டில் இல்லாமல், தனியாகப் பிளாஸ்டிக் குழியில் சும்மா உட்கார்ந்திருக்கும். பார்த்தால் ஏதோ உடைந்த பிளாஸ்டிக் என்றுதான் தோன்றும். அதைத் தொலைத்திருந்தால் புதுச் சிப் வாங்கி வண்டிக்குப் பதிவு செய்ய ஆயிரக்கணக்கில் ஆகியிருக்கும். ஆகவே, திறந்ததும் முதல் வேலை: எதையும் தொடாமல் செல்போனில் ஒரு போட்டோ. எது எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று அப்புறம் நினைவில் இருக்காது.

பழசை எடுத்து, புதுசை வைப்பது

போட்டோவில் முக்கியமாகப் பதிவாக வேண்டியது, செல்லின் எந்த முகம் உங்களைப் பார்க்கிறது என்பது. எழுத்தும் + குறியும் உள்ள அகலமான பளபள முகம் பாசிட்டிவ். செல்லின் பக்கச் சுவரும் பாசிட்டிவ்தான். சொரசொரப்பாக, சற்றுச் சிறியதாக இருக்கும் மறுமுகம் நெகட்டிவ். சில சாவிகளில் + மேலே இருக்கும், சிலவற்றில் கீழே. 'எப்போதும் எழுத்து மேலே' என்று ஒரு விதி கிடையாது. போர்டிலோ மூடியின் உட்புறத்திலோ + போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

செல் இறுக்கமாக இருக்கும். அதைப் பிடித்திருக்கும் தகடுகளை நெம்பாதீர்கள். தகடு இல்லாத பக்கமாக, பிளாஸ்டிக் துண்டாலோ பல்குத்தும் குச்சியாலோ தள்ளி எடுங்கள். தகடு ஒருமுறை வளைந்துவிட்டால் செல்லை இறுக்கிப் பிடிக்காது. ஏற்கெனவே வளைந்து படுத்திருந்தால் குச்சியால் ஒரு மயிரிழை மேலே தூக்கிவிடலாம், அவ்வளவுதான்.

செல் எடுத்த இடத்தைப் பாருங்கள். கடலோர ஊர்க்காரர்கள், சட்டைப் பையில் சாவியை வைத்து வியர்வையில் நனைப்பவர்கள் சாவியில் தகட்டில் பச்சை படிந்திருக்கும். காது குடையும் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டுத் துடைத்து, இரண்டு நிமிடம் காயவிடுங்கள். தண்ணீர் கூடாது, வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

புது செல்லை ஓரமாகப் பிடியுங்கள். இரண்டு முகங்களையும் இரும்பு இடுக்கியால் சேர்த்துப் பிடித்தால் அதுவே ஷார்ட் சர்க்யூட். கையில் எண்ணெய்ப் பசை இருந்தால் செல்லை ஒரு பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். பக்கத் தகட்டுக்கு அடியில் ஒரு ஓரத்தை முதலில் நுழைத்து, மறுஓரத்தை விரலால் அமுக்குங்கள்.

'செல்லைக் கழற்றினால் புரோகிராம் அழிந்துவிடும், ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும்' என்று ஒரு பேச்சு உண்டு. இன்றைய சாவிகளுக்கு அந்தப் பயம் வேண்டாம். ரகசிய எண், செல் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. கழற்றிய செல்லைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், டீ குடித்துவிட்டு வந்து போடலாம்.

மூடுவதற்கு முன்னால் ஒரு பட்டனை அமுக்கிப் பாருங்கள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறதா? பிறகு ரப்பர் பட்டன் பட்டை தன் இடத்தில் இருக்கிறதா, ஓரத்தைச் சுற்றி ரப்பர் வளையம் இருந்தால் அது மடங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். மழையில் நனையும்போது தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அந்த வளையம்தான். இரண்டு பாதிகளையும் ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக அமுக்கிக்கொண்டே வாருங்கள், முன்பு கேட்ட அதே 'டக்'குகள் திரும்பக் கேட்க வேண்டும். இரும்புச் சாவியை உள்ளே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது.

போட்டும் வேலை செய்யவில்லையா?

பத்தில் எட்டு முறை செல்லைத் தலைகீழாகப் போட்டிருப்போம். திரும்பத் திறந்து போட்டோவோடு ஒப்பிடுங்கள். அடுத்த சந்தேகம் தகடு தொடவில்லை என்பது. மூன்றாவதாக, வாங்கிய செல்லே பழசாக இருக்கலாம்.

விளக்கு எரிகிறது, வண்டி மட்டும் கேட்கவில்லை என்றால் சாவியும் வண்டியும் ஒத்துப்போகாமல் போயிருக்கலாம். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் சாவி ஒரு புது ரகசிய எண்ணை அனுப்புகிறது, வண்டியும் அதோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே வருகிறது. வண்டிக்கு எட்டாத தூரத்தில் வீட்டுக் குழந்தை சாவியை வைத்து நூறு முறை அமுக்கி விளையாடியிருந்தால், சாவி எங்கோ முன்னால் போயிருக்கும், வண்டி பின்தங்கி நிற்கும். பல வண்டிகளில் சாவியைப் போட்டு ஆன் நிலைக்குத் திருப்பி, பூட்டு பட்டனைச் சில நொடி அமுக்கினால் இரண்டும் ஒத்துப்போய்விடும். சரியான முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், மேனுவலில் இருக்கும்.

ஒரே ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் செல்மேல் பழி போடாதீர்கள். நாம் அதிகம் அமுக்குவது பூட்டு பட்டனைத்தான், அதன் அடியில் இருக்கும் குட்டி ஸ்விட்ச் தேய்ந்திருக்கும். செல்போன் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தால் அதை மாற்றிச் சால்டர் செய்து தருவார்.

கழற்றிய செல்லை என்ன செய்வது

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள், முக்கியமாக வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால். 20 மில்லிமீட்டர் செல் ஒரு நாணயம் அளவு. குழந்தையின் உணவுக் குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு. சாவிக்குப் போதாது என்று நாம் எடுத்துப்போட்ட செல்லிலும் மிச்ச மின்சாரம் இருக்கும். ஈரமான சதையில் அது பட்டதும் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் சதையை அரிக்கும் காரம் (ஆல்கலி) உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் உணவுக் குழாயை வேகவைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எச்சில் வடிப்பது, சாப்பிட மறுப்பது, இருமல், இவ்வளவுதான் தெரியும். எக்ஸ்ரேயில்கூட நாணயம் போலத்தான் தோன்றும், ஓரத்தில் இரட்டைக் கோடு தெரிவதை வைத்துத்தான் டாக்டர்கள் செல் என்று கண்டுபிடிப்பார்கள்.

விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம் என்று விஷ முறிவு நிபுணர்கள் சொல்கிறார்கள். தேன் செல்லைச் சுற்றிப் படிந்து அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். தேன் தேடிக்கொண்டு நேரத்தைக் கழிக்கக் கூடாது, புறப்படுவதுதான் முதல்.

கழற்றிய கையோடு பழைய செல்லின் இரண்டு முகங்களிலும் செல்லோ டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். புது செல் அட்டையில் மிச்சம் இருப்பவையும் அங்கேயே. குப்பைத் தொட்டி வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. நடைமுறையில் நமக்கு எளிது, மின்கழிவு வாங்கும் இடத்திலோ, பழைய செல்களைச் சேர்த்து வைக்கும் வாட்ச் கடையிலோ கொடுத்துவிடுவது.

அடுத்த செல் நீடித்து வர

ஸ்மார்ட் கீயை நாம் தொடாவிட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. வண்டி கூப்பிடுகிறதா என்று எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் டொயோட்டா மேனுவலில் இந்தச் செல்லின் ஆயுள் ஒன்று முதல் இரண்டு வருடம் என்று போட்டிருக்கிறார்கள். டிவி, கம்ப்யூட்டர், செல்போன் சார்ஜர் இவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறது அதே மேனுவல். அவை கக்கும் அலைகளை வண்டியின் குரல் என்று நினைத்து சாவி விழித்துக்கொண்டே இருக்குமாம். எங்கள் வீட்டில் சாவி மாட்டும் ஆணி எங்கே இருந்தது தெரியுமா? வைஃபை ரூட்டருக்குக் கீழே. வண்டி நிற்கும் போர்டிகோவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆணியைப் பிடுங்கி உள்ளறையில் அடித்தேன்.

சில டொயோட்டா சாவிகளில் பூட்டு பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திறப்பு பட்டனை இரண்டு முறை அமுக்கினால், விளக்கு நான்கு முறை மின்னி சாவி தூங்கப் போய்விடும். வெளியூர் போகும்போது வீட்டில் விட்டுச் செல்லும் சாவிக்கு உதவும். திரும்ப எழுப்ப ஏதாவது ஒரு பட்டனை அமுக்கினால் போதும்.

மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டி வைக்கிறேன். அப்புறம் பீரோவில் துணிக்கடியில் கிடக்கும் இரண்டாவது சாவி. அதை யாரும் தொடுவதில்லை, ஆனால் அதுவும் இத்தனை நாளாகக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கிடந்திருக்கிறது. முதல் சாவிக்கு செல் வாங்கும்போது அதற்கும் சேர்த்து இரண்டாக வாங்கிவிடுங்கள்.